நாலு நாள் பச்சைத்தண்ணி

புதுசாக எது வாங்கினாலும் அதன்மேல் துணி போட்டு மூடுவது திருப்பூர்க்காரனின் வியாதி. டிவி, கேஸ் சிலிண்டர், பைக் சீட்டு, எதுவும் தப்பாது. (பனியன் துணிக்கா எங்க ஊர்ல பஞ்சம்?) அந்த வியாதி முத்திப்போய் நான் செய்த காரியத்தை இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் எலக்ட்ரீஷியன். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி மாளாமல், கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதியில் கரண்ட் ஹீட்டரைக் கழற்றிவிட்டு மாடியில் சோலார் ஹீட்டர் வைத்தார் முதலாளி. பராமரிப்பு என் பொறுப்பு. அதை நம்பித்தான் தங்கை சுமதியைக் குண்டடத்திலிருந்து கம்பெனி வேலைக்குக் கூட்டிவந்து அங்கே தங்கவைத்தேன். அவளுக்கு வீசிங், பச்சைத்தண்ணி ஆகவே ஆகாது. "சுடுதண்ணிக்கு நானாச்சுங்மா" என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

மார்கழியில், விடுதி வசதியைச் சோதிக்க, எங்களிடம் பனியன் வாங்கும் பையர் ஆபீஸிலிருந்து ஆள் வருவதாகச் சேதி வந்தது. சோலாரின் கண்ணாடிக் குழாய்களில் பஞ்சுத் தூசி. பளபளவென்று துடைத்தேன். மறுபடி தூசி படாமல் வெள்ளைப் பனியன் துணியை இரண்டு மடிப்பாகப் போர்த்தி, மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். வர வேண்டியவர் நாலு நாள் தள்ளி வந்தார்.

இரண்டாம் நாளே சுமதி சொன்னாள். "தண்ணி ஐஸாட்ட வருதுங்ணா."

"மார்கழி கண்ணு, வெயிலுக்குச் சூடு பத்தாது" என்றேன், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. (நானெல்லாம் எலக்ட்ரீஷியன்!)

வந்தவர் விடுதிக் குழாயைத் திறந்து கையை நீட்டி, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற சுமதியிடம், "தினமும் இப்படித்தான் வருதாம்மா?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். பல் தந்தியடிக்க, "இல்லீங்க சார். நல்லா சூடா வருமுங்க" என்றாள்.

முதலாளியோடு மாடிக்குப் போனோம். திறப்புவிழா மாதிரி துணியை உருவினேன்.

"இது எத்தனை நாளா மூடியிருக்கு?" என்றார் வந்தவர்.

"நாலு நாளுங்க. ஒரு பொட்டுத் தூசி படலீங்க!"

வந்தவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முதலாளிதான் மெதுவாக, "ஏங்கண்ணு, சூரியனுக்கே பனியன் போட்டுட்டியே" என்றார்.

அன்று மத்தியானமே சுமதிக்கு இழுப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாஸ்க்கோடு படுத்திருந்தவளைப் பார்க்க எனக்கு முகமில்லை.

"எதுக்குப் புள்ள பொய் சொன்ன?"

"உங்க வேலை போயிருமேன்னுதானுங்ணா."

அப்போது அழுத மாதிரி நான் யாருக்காகவும் அழுததில்லை.

அவள் பிழைத்தாள், என் வேலையும் பிழைத்தது. இப்போது பெருமாநல்லூரில் ஊடு கட்டி, மாடி பூராவும் சோலார் பேனல் வைத்திருக்கிறாள். ஊரில் பாதிப்பேருக்கு மாட்டிக்கொடுத்தவன் நான். அவளுக்கு மாட்ட மட்டும் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வந்தது.

போன பொங்கலுக்கு அவள் வீட்டு மாடிப்படியில் கால் வைத்தேன். அவள் மகள் குறுக்கே வந்து நின்றாள்.

"மாமா, துணி ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா? அம்மா செக் பண்ணச் சொன்னாங்க."

தோளில் கிடந்த துண்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் மேலே ஏறினேன்.