கோவளத்துக்கு ஒரு நடைபயணம்

"வேளாங்கண்ணிக்கா? யாரு போறா வேளாங்கண்ணிக்கு?"

ஜெயமேரி தோசைக்கரண்டியைக் கீழே போட்டாள். எறிந்தாள் என்பதே சரி. பக்கத்து வீட்டு மொக்கம்மாள் அப்போதுதான் விடைபெற்றுப் போயிருந்தாள். அவள் சுவரில் சாய்த்துவிட்டுப் போன மெழுகுவத்தி, அவள் பேரன் உயரத்துக்கு நின்றது.

"மெதுவாப் பேசு ஜெயா," என்றார் ஜான் பீட்டர். "எங்கன கிளம்புறீகன்னு கேட்டுச்சு. இந்த வயசுல ரெண்டு பேரும் கோவளத்துக்குப் போறோம்னா தெருவே சிரிக்காதா? வாயில வந்தது வேளாங்கண்ணி. உடனே பேரனுக்கு நேர்ந்த மெழுகுவத்தியத் தூக்கிட்டு வந்துருச்சு."

கல்யாணமான புதிதில் அவர்கள் கேரளத்துக் கோவளத்துக்குப் போனார்கள். அங்கே அலை மோதும் ஒரு பாறையில் ஜெயமேரி உட்கார்ந்திருக்க, ஜான் பீட்டர் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு திராட்சைத் தோட்டம், மாமியாரின் நோய், மகள் ஜெசியின் படிப்பு. கோவளம் என்றாலே 'அடுத்த வருசம்' என்பார். இந்த ஆகஸ்டில் வேலைக்குப் போன ஜெசியே அறை போட்டுக் கொடுத்துவிட்டாள். அந்தப் பாறையும், பக்கத்தில் அந்த மனிதரும், வேறு யாரும் வேண்டாம். ஜெயமேரி கேட்டது அவ்வளவுதான்.

"இப்பவே போயி உண்மையச் சொல்லிட்டு வாங்க."

போனவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"சொன்னீகளா?"

"எங்க சொல்ல? அதுக்குள்ள நம்ம எதிர்வீட்டு அஜய்குமார் வேன் பேசப் போயிட்டான். தெருவே நம்ம கூடக் கிளம்புதாம்."

"ஐயோ!"

"தடுத்துட்டேன்ல," என்றார் பெருமையாக. "நடந்து வர்றதா நேர்ந்திருக்கோம்னுட்டேன். ஒருத்தரும் அப்புறம் மூச்சு விடல."

ஜெயமேரி பார்த்த பார்வையில் பிஞ்சுத் திராட்சை பழுத்திருக்கும்.

"ஒங்க மதினி விடுவாகளா? கூட நடக்கிறேன்னு வந்து நிப்பாகளே!"

மதினி என்றால் ஜெபஷீலா, ஜான் பீட்டரின் அண்ணன் மரிய ஜோசப்பின் மனைவி. வருடம் தவறாமல் கணவனும் மனைவியும் காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடப்பார்கள். திரும்பி வந்ததும் தெருவுக்கெல்லாம் நேந்திரங்காய் சிப்ஸ் கொடுப்பார்கள். "மாதா கிருபை, கால்ல ஒரு கொப்புளம் இல்ல" என்று பாதத்தைத் தூக்கிக் காட்டுவாள் ஜெபஷீலா. அந்தப் பாதத்தைக் காட்டித்தான் மாமியார் சாகும்வரை ஜெயமேரியின் பக்தியைக் குறை சொன்னார்.

சனிக்கிழமை காலையிலேயே ஜெபஷீலா வந்துவிட்டாள்.

"சந்தோசம் ஜெயா. இப்பவாச்சும் ஒனக்குப் பக்தி வந்துச்சே."

ஜெயமேரி பல்லைக் கடித்தாள். "ஆமாக்கா."

"ஆனா ஒங்க கூட நடக்க முடியாதுத்தா. நாங்க ரெண்டு பேரும் தனியாப் போனாத்தான் செபம் ஓடும். இந்தா, இப்பவே கிளம்பிட்டோம்."

ஜான் பீட்டர் நிம்மதியாகச் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த நிம்மதி ஞாயிற்றுக்கிழமைப் பூசை வரைக்கும்தான்.

பங்குச் சாமியார் இருவரையும் பீடத்துக்கு அழைத்து, காவித்துணி மந்திரித்துக் கொடுத்தார். மாலை விழுந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கொட்டு மேளத்தோடு ஊரே உத்தமபாளையம் வரை வந்து வழியனுப்பியது. அங்கேயே பஸ் ஏறிவிடலாம் என்று பார்த்தால், அஜய்குமார் பைக்கில் தண்ணீர் பாட்டிலோடு சின்னமனூர் வரை கூடவே வந்தான்.

"நடங்க சித்தி, நான் இருக்கேன்ல!"

"இருப்பா இரு," என்றாள் ஜெயமேரி, தார் சுட்ட காலை மாற்றி மாற்றி வைத்தபடி.

அவன் திரும்பிப் போனதும் இருவரும் வந்த வழியே கேரள எல்லைக்குப் போகும் குமுளி பஸ்ஸில் ஏறினார்கள்.

"கால் வலிக்குதா ஜெயா?"

"பேசாதீக."

அந்த பஸ் அனுமந்தன்பட்டி வழியாகத்தான் போனது. சொந்த ஊர் ஸ்டாப்பில் இருவரும் சீட்டுக்கடியில் தலையை விட்டுக்கொண்டார்கள். மெழுகுவத்தி மட்டும் குனிய மறுத்து ஜன்னலில் நின்றது.

மறுநாள் காலையில் கோவளம். அறை மதியம்தான் கிடைக்கும் என்றார்கள். அதனால் காவியோடும் பையோடும் மெழுகுவத்தியோடும் நேராகக் கடற்கரைக்கு வந்தார்கள்.

பாறை அப்படியே இருந்தது. ஜெயமேரி அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் வெடித்தாள்.

"இருபத்தஞ்சு வருசம் காத்துக் கெடந்தேன். இப்ப வந்து உக்காந்திருக்கிற கோலத்தப் பாருங்க! கால் பூராக் கொப்புளம், ஒடம்புல காவி, கூட மொக்கம்மா பேரன் உசரத்துல ஒரு மெழுகுவத்தி! கடலையாச்சும் நிம்மதியாப் பாக்க முடியுதா? கண்ண மூடினா ஒங்க மதினி வேகாத வெயில்ல செபமாலை உருட்டிக்கிட்டு நடந்து போறதுதான் தெரியுது!"

"தப்புத்தான் ஜெயா. ஊருக்குப் போனதும் மதினி கால்ல விழுந்து எல்லாத்தையும் சொல்லிடுறேன்."

கையில் பிடிக்க அவள் செருப்புகூட இல்லாமல், மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெயமேரிக்குச் சிரிப்பு முட்டியது. கோபத்தை விட மனமில்லாமல் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இளநீர்க் கூடையோடு வந்த மலையாளத்துப் பெண் ஒருத்தி இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"தமிழ்நாடு அல்லே? எந்த ஊரு?"

"கம்பம் பக்கம், அனுமந்தன்பட்டி," என்றார் ஜான் பீட்டர்.

அவள் முகமெல்லாம் சிரிப்பானது.

"காவியைக் கண்டப்பவே நினைச்சேன்! துணி மாத்தணும்னா அந்த ஓலை மறைவுக்குப் போங்க சேச்சி, உங்க ஊரு ஜெபஷீலா சேச்சி எல்லா வருஷமும் அங்கதான் மாத்துவாங்க. அதோ, சேட்டன் கையைப் பிடிச்சு அலையில குதிச்சிட்டிருக்காங்களே!"