சம்பந்தி வாசலில் அம்மன் அணைந்த விவரம்

அன்புத் தம்பி செல்லத்துரைக்கு, தாராவியிலிருந்து அக்கா எழுதுவது. இங்கே மழை விட்டுவிட்டது, என் முழங்கால் வலி விடவில்லை. உன் சர்க்கரையும் உன் வீட்டுக்காரியின் மூச்சிரைப்பும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

அம்மன் கொடையன்று சப்பரத்தோடு இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் நான் அங்கே இல்லை என்று நழுவக்கூடாது. வண்டி ஓட்டியவன் என் மகள் மாலதியின் மகன் பேச்சிராஜா. பக்கத்தில் மாலதி. வயர் வேலை பார்த்த பூலோகம். மணியோடு பூசாரி. போனில் படம் பிடித்துக்கொண்டு மாடி வீட்டு சஃப்ரீன். தன் வாசலில் தேங்காய்த் தட்டோடு உன் மகள் கனகவள்ளி, அவள் பின்னால் பேச்சிக்கு நிச்சயம் செய்த உன் பேத்தி இசக்கிசெல்வி. பிறகு நான். நீ ஊரில் இருப்பதால் உனக்கு உண்மை தெரிய வழியில்லை, அதனால் எழுதுகிறேன். கல்யாணம் நின்றுபோய்க் கிடக்கிறது.

வருஷா வருஷம் வாடகை டெம்போவில்தான் சப்பரம் போகும். இந்த வருஷம் பேச்சி, கேட்டரிங் பாத்திரம் ஏற்ற வாங்கிய டிரெய்லரில் அம்மனை வைத்துத் தன் எஸ்யூவியால் இழுக்கிறேன் என்றான். அதற்குக் காரின் பின்னால் சாக்கெட் வைத்து, முன்னால் பிரேக் மிதித்தால் டிரெய்லரில் சிவப்பு விளக்கு எரிகிற மாதிரி வயர் இழுக்க வேண்டுமாம். ஸ்டியரிங் அடியில் பிரேக் கன்ட்ரோலர் என்று ஒரு பெட்டி, டிரெய்லர் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது அதுதானாம். அதன் திருகை பூலோகம் கடைசிவரை திருகிவைத்தான். ஒத்திகையில் பேச்சி பிரேக்கைத் தொட்டதும் டிரெய்லர் ஆணி அடித்தாற்போல் நின்றது, பூசாரி மட்டும் நிற்கவில்லை. பஞ்சாமிர்தச் சட்டியில் போய் உட்கார்ந்தார். "ஏலே, சாமிய இழுக்கியா, என்னய அனுப்பிவைக்கியா?" என்றார். திருகைக் குறைத்தார்கள்.

அடுத்தது அம்மனுக்கு சீரியல் செட். தனி வயர் இழுக்கச் சோம்பல்பட்டுப் பூலோகம் அதையும் பிரேக் விளக்கு வயரிலேயே சேர்த்துவிட்டான். கார் ஓடினால் அம்மன் இருட்டு, பிரேக் மிதித்தால் ஜெகஜோதி. நான் அப்போதே கேட்டேன். "விடுங்க ஆச்சி, நிக்க எடத்துல எரிஞ்சா போதாதா?" என்றான். இவன் தகப்பன் என் வீட்டு ஃபேனைத் தலைகீழாகச் சுற்ற வைத்தவன், நான் மறக்கவில்லை.

தெருவிலோ, வண்டி நின்ற வாசலிலெல்லாம் அம்மன் பளிச்சென்று எரிய, ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "எங்க வீட்டப் பாத்துக் கண்ணத் தொறந்துட்டா!" என்று அழுதவர்களும் உண்டு. பேச்சி காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தான், தட்டைப் பூசாரி வாங்கினார். கனகவள்ளி வீடு வந்தது. மாமியாராகப் போகிறவள் முன்னால் உட்கார்ந்திருக்கலாமா? பிள்ளை மரியாதை தெரிந்தவன். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, இறங்கிப்போய் இரண்டு கையையும் நீட்டினான். கால் பிரேக்கை விட்டது, அம்மன் அணைந்தாள்.

"தாதி, லைட் கயா!" என்று கத்தினாள் சஃப்ரீன், பாட்டி, லைட் போய்விட்டது என்று.

கனகவள்ளி தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் எரிஞ்சவ எங்க வாசல்ல அணைஞ்சுட்டாள்லா! இந்தச் சம்பந்தம் அவளுக்கே புடிக்கல!"

பேச்சி பதறி ஓடிக் காரில் ஏறிப் பிரேக்கை மிதித்தான். அம்மன் எரிந்தாள்.

"பாத்தியளா, அவன் தள்ளிப் போனதும் எரியுதா!" என்றாள் உன் மகள்.

"யம்மா, அது பிரேக் லைட்டும்மா" என்று இசக்கிசெல்வி அழுதது யார் காதிலும் ஏறவில்லை. இப்போது பிள்ளைகள் இருவரும் மாட்டுங்கா ஸ்டேஷனில் சந்தித்துப் பேசிக்கொள்கிறார்கள், எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

நீ பெற்றவன், நீ சொன்னால் கனகவள்ளி கேட்பாள். அணைந்தது வயர், அம்மன் இல்லை என்று ஒரு வார்த்தை சொல். எனக்கு யார்மேலும் கோபமில்லை. பூலோகத்தை மன்னித்தேன். கனகவள்ளியையும் மன்னித்தேன், அவள் கல்யாணப் பந்தியில் என் இலைக்கு மட்டும் அப்பளம் வராததைத் தவிர.

உன் வீட்டில் எல்லாருக்கும் அம்மன் துணை நிற்கட்டும், வெளிச்சத்தோடோ இல்லாமலோ.

உன் அக்கா,
பிச்சம்மாள்

பி.கு. உறையை ஒட்டுவதற்குள் கனகவள்ளியே வந்துவிட்டாள். பூலோகம் மறுநாளே காரையும் டிரெய்லரையும் அவள் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, பிரேக்கை மிதித்தும் விட்டும் காட்டினானாம். அன்றைக்கே அவள் மனம் மாறிவிட்டதாம். "பொறவு ஏன்ட்டீ இத்தன நாளா முறுக்கிக்கிட்டு இருந்த?" என்றேன். "நானா அத்தை? அப்பாதான் போன்ல, அணைஞ்சது அணைஞ்சதுதான், அந்த வீட்டுல பொண்ணு குடுத்தா நான் கல்யாணத்துக்கே வரமாட்டேன்னாவ" என்றாள். நீ வந்தாலும் வராவிட்டாலும் கல்யாணம் தை மாதம் இங்கேயே நடக்கும், பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. மேலே எழுதிய மன்னிப்பெல்லாம் மற்றவர்களுக்கு. நான் சாகிறவரை மன்னிக்காத ஆள் ஒருவன்தான், அவன் பெயர் செல்லத்துரை.