ஊதுங்க சார், ஊதுங்க!

"அக்கா, ஒரே ஒரு ஆள் போதும்! பீடியோ சிகரெட்டோ, எது பிடிச்சாலும் சரி!"

ஆலோசகி கத்தியதில் நர்ஸ் அக்கா மருந்துத் தட்டைக் கீழே போட்டாள்.

குடியை விடவைக்கும் மையம் அது. புகையையும் விடவைக்கலாம் என்று நிதி வாங்கிப் புதுப் பிரிவு திறந்திருந்தார்கள். ஊதினால் உள்ளே எவ்வளவு புகை என்று காட்டும் கருவிகூட வந்துவிட்டது. ஆள்தான் வரவில்லை. குடியை விட்டவர்கள், "இதையும் பிடுங்கிட்டா எப்படிம்மா?" என்று கும்பிடு போட்டார்கள். இன்று நிதி அதிகாரி வருகிறார். நாற்காலி காலியாக இருந்தால் பிரிவுக்குப் பூட்டு. ஆலோசகியின் வேலைக்கும்தான்.

வாசலுக்கு ஓடினாள். ஒரு காருக்குப் பின்னால் பதுங்கியபடி ஒருவர் புகைத்துக்கொண்டிருந்தார். தெய்வமே அனுப்பிய ஆள்!

"அதைப் போட்டுட்டு உள்ள வாங்க சார்!"

"இல்லம்மா, நான் வந்து..." அவர் திருட்டு முழி முழித்தார்.

"பேசாதீங்க! ஒரு மாசமா இங்க வர்றீங்க, பாதியாக் குறைச்சிட்டீங்க. யார் கேட்டாலும் இதான் சொல்லணும்!"

உட்காரவைத்து ஊதச் சொன்னாள். கருவி சிவப்பாக எரிந்து அலறியது.

"குறைச்ச ஆளுக்கு இவ்வளவு வருமா?" நர்ஸ் தலையில் கைவைத்தாள்.

"நல்லா மூச்சை இழுத்து, மறுபடி ஊதுங்க!"

இன்னும் உரக்க அலறியது. அவர் முகம் வெளுத்தது. "நிஜமாவே இவ்வளவாம்மா?"

"அதெல்லாம் அப்புறம்!"

அதற்குள் டை கட்டிய ஒருவர் தோல்பையுடன் உள்ளே வந்துவிட்டார். ஆலோசகி பாய்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வாங்க சார்! இவர்தான் எங்க நோயாளி, ஒரு மாசமா..."

"மேடம், எனக்கு பேங்க்ல வேலை. சிகரெட்டை விடணும்னு வந்தேன். விட்டாத்தான் வீட்டுக்குள்ள விடுவேன்னுட்டா என் பொண்டாட்டி."

ஆலோசகிக்குத் தலைகால் புரியவில்லை. நிஜமான ஆள்! தானாக நடந்து வந்த ஆள்! பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது.

காருக்குப் பின்னாலிருந்து பிடித்துவந்தவரிடம் திரும்பினாள். "சார், நீங்க கெளம்புங்க. பொய் சொல்லச் சொன்னதை அதிகாரிகிட்ட மூச்சு விட்றாதீங்க!"

அவர் எழுந்திருக்கவில்லை. "நான் அடுத்து எப்ப வரணும்?"

"வரவே வேணாம் சார்!"

அப்போது ஒரு டிரைவர் போனை நீட்டியபடி ஓடிவந்தார்.

"சார், இங்கயா இருக்கீங்க? ஹெட் ஆபீஸ்லேருந்து பேசுறாங்க. இந்த மையத்துக்கு நிதி கொடுக்கலாமா, நிறுத்தலாமான்னு உங்களைத்தான் கேக்குறாங்க!"