மாமியார் வீட்டு விலாசம்

எங்கள் ஊரில் கொலை செய்தவன்கூட இரண்டு நாள் போனால் ஒப்புக்கொண்டுவிடுவான். பிள்ளைக்கு டியூஷன் வைத்தவன் சாகும்வரை ஒப்புக்கொள்ள மாட்டான்.

இங்கிலாந்தில் கென்ட் பக்கம் ஆற்றங்கரை ஊர். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கிராமர் ஸ்கூல், பரீட்சையில் தேறியவர்களை மட்டும் சேர்க்கிற அரசுப் பள்ளி. ஆரம்பப் பள்ளியை முடிக்கப் போகிற பிள்ளைகள் செப்டம்பரில் ஒரு பரீட்சை எழுத வேண்டும். தேறினால் அந்தப் பள்ளி, தேறாவிட்டால் வேறு பள்ளி. இவ்வளவுதான் சமாசாரம். இதற்காக எங்கள் தெருவில் இரண்டு குடும்பங்கள் பேசாமல் இருந்தன, ஒரு நாய்க்குப் பித்துப் பிடித்தது.

"சும்மா எழுதிப் பாக்கட்டும்னு விட்டிருக்கோம்" என்பான் பக்கத்து வீட்டு நைஜல். "பையன் புத்தகத்தைத் தொடறதே இல்ல, வில்ஃப்." அவன் வீட்டுக்கு வாரத்துக்கு மூன்று பிளம்பர்கள் வந்து போனார்கள். மூவரும் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள். ஒருவர் கையிலும் ஸ்பானர் இல்லை. போகும்போது ஒருவர், "பின்னங்களைத் திரும்பப் பாரு தம்பி" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். வில்ஃப். பந்தயப் புறா வளர்ப்பவன். இப்போது கிழவன், அப்போது ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தேன். பதினொரு வயதில் நானும் அந்தப் பரீட்சையை எழுதினேன். கேள்வித்தாளில் ஒரு ரயில் கிளம்பியது. எதிரே இன்னொரு ரயில் வந்தது. இரண்டும் எங்கே சந்திக்கும் என்று கேட்டார்கள். என் தலைக்குள் அவை இன்னும் சந்திக்கவில்லை. தேறாமல் வீட்டுக்கு வந்த அன்று ஒரு சபதம் போட்டேன்: என் வம்சத்தில் ஒருவராவது அந்தப் பள்ளியின் வாசலைத் தாண்டியே தீர வேண்டும்.

வம்சத்துக்கு மொத்தமே ஒரு பெண்தான், பிரையனி. அவள் எழுதினாள். அக்டோபரில் முடிவு வந்தது. தேறிவிட்டாள்! நான் புறாக்கூண்டுக்குள் போய் யாருக்கும் தெரியாமல் அழுதேன். அந்த நேரம் பார்த்து அக்கரைப் பள்ளியின் மணி அடித்தது. புறாக்கள் எல்லாம் ஒரு முழம் எகிறி என் தலைமேல் தங்கள் பாராட்டைத் தெரிவித்தன. தினமும் இதே தொல்லைதான், பாழாய்ப்போன மணி.

சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நைஜலின் தலை முளைத்தது.

"தேறிட்டா போதும்னு நினைச்சியா? தேறின பிள்ளைங்க ஏகப்பட்டது, எடம் கொஞ்சம். யார் வீடு பள்ளிக்கூடத்துக்குக் கிட்டக்க இருக்கோ அவங்களுக்குத்தான் மொதல்ல."

"நம்ம வீடு?"

"பாலம் எங்க இருக்கு, நீ எங்க இருக்க? நான் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே ஒரு ஃபிளாட் எடுத்துட்டேன். மீன் வறுவல் கடை மாடில. யார்கிட்டயும் மூச்சு விடாத. கல்வி ஆபீஸ்லேருந்து ஆள் வந்து பாப்பானாம், நெஜமாவே குடியிருக்காங்களான்னு."

மறுநாள் காலையிலேயே காரை எடுத்தேன். வீட்டிலிருந்து புறப்பட்டு, பழைய காகித ஆலையைச் சுற்றி, பாலம் ஏறி, இறங்கி, மறுகரையோடு திரும்பி வந்து பள்ளி வாசல் வரை அளந்தேன். மூன்றரை மைல்! பிறகு என் மாமியார் ஹில்டாவின் வீட்டிலிருந்து அளந்தேன். பள்ளிக்குப் பின்னால் மேட்டுத் தெரு. சரியாக ஒரு மைல்.

தூரம் அளப்பதில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது. புறாப் பந்தயமே தூரக் கணக்குதான். ஃபிரான்ஸில் பறவையை விட்ட இடத்திலிருந்து என் கூண்டு வரைக்கும் வானத்திலே நேர்கோடு போட்டு, கெஜம் பிசகாமல் அளப்போம். சங்கத்தில் அந்தக் கணக்கைப் பார்ப்பவனே நான்தான்.

சமையலறைக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். என் மனைவி கிளெனிஸ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"கிளெனிஸ், பள்ளிக்கூட மனுவுல உங்கம்மா வீட்டு விலாசத்தைக் குடுத்துருவோம்."

"எங்கம்மா வீட்டு விலாசமா? போன கிறிஸ்மஸ்ல 'அந்தப் பொம்பள இருக்கிற தெருவுல இனிமே என் நிழல்கூட விழாது'ன்னியே?"

"அது நிழல். இது விலாசம்."

கத்தி ஒரு நிமிஷம் நின்றது. "ஆபீஸ்காரன் வந்து பாத்தா?"

"வருவான்னுதான் நைஜல் சொல்றான். நாம மூணு பேரும் அங்க போய் இருந்துட வேண்டியதுதான்."

"அம்மாகிட்ட இருக்கிறது ஒரே ஒரு சின்ன ரூம். ஒத்தைக் கட்டில். மூணு பேரும் அதுல எப்படிப் படுக்கிறது, அடுக்கியா?"

"அதுவும் சரிதான்."

"ஒரு குடும்பம் எங்க இருக்குன்னா, அதோட தலைவன் எங்க இருக்கான்னுதானே பாப்பாங்க?"

"பின்ன?"

"நம்ம குடும்பத்துக்கு யாரு தலைவன், வில்ஃப்?"

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. மீனே தூண்டில் முள்ளை எடுத்து, துடைத்து, வாயில் வைத்துக்கொண்டது. "நான்தான்!" என்றேன்.

"அப்ப பெட்டியை எடுத்து வைக்கட்டுமா? மனுவை நான் பாத்துக்கறேன்."

ஜெயிலுக்கு மாமியார் வீடு என்று முதலில் பெயர் வைத்தவன் ஹில்டாவைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். அவள் முறைத்தால் பால் திரியும். தயிர் வேண்டுமென்றால் தெருக்காரர்கள் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். மூன்று வேளையும் முட்டைக்கோஸ். அதையும் அது செய்த குற்றங்களை ஒப்புக்கொள்ளும்வரை வேக வைப்பாள்.

போன மறுநாள் காலை. கதவைத் தட்டினாள்.

"வில்ஃப்ரட்! ஆபீஸ்காரன் வந்து, கூரைத் தண்ணி சுவத்துல ஒழுகுறதைப் பாத்தா என்ன நினைப்பான்? ஆம்பள குடியிருக்கிற வீடு மாதிரியா இருக்கு?"

நியாயமான கேள்வி. ஏணி எடுத்துக் கூரைக்குழாயை மாற்றினேன்.

அடுத்த வாரம்: "குளியலறைல டைல்ஸ் எல்லாம் பேந்து கெடக்கு. குடும்பம் குளிக்கிற எடம்னு சொன்னா நம்புவானா?"

"அத்தை, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. ஆபீஸ்காரன் வர மாட்டான்."

"களவு பிடிக்க வர்றவன் கிழமை பாத்தா வருவான்? பிள்ளையோட படிப்பு உனக்கு முக்கியமா, இல்ல தூக்கம் முக்கியமா?"

டைல்ஸ் ஒட்டினேன். கூடத்துச் சுவரில் பழைய காகிதத்தைக் கிழித்துப் புதிது ஒட்டினேன். மாடிப்படியில் கிறீச்சிட்ட பலகையை மாற்றினேன். மாற்றினால், "ஏன் சத்தமே வரல? நீ எப்ப வர்ற, போறன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பழைய பலகையையே திரும்பப் போட்டேன். பனியில் கூரைமேல் உட்கார்ந்து ஓடு மாற்றியபோது என் மீசையில் தொங்கிய பனிக்கட்டியை உடைத்து அவள் மீனைக் குளிர வைத்தாள் என்றால் நீங்கள் நம்ப வேண்டாம். பாதிதான் உண்மை.

ஆபீஸ்காரன் வரவே இல்லை. அவனுக்காக ஒரு வீட்டையே புதுப்பித்தாயிற்று, நன்றிகெட்டவன்.

துணைக்கு ஒரே ஒரு ஜீவன். என் சாம்பியன் புறா பிரிகேடியர். அவனைக் கூடையில் வைத்துக் கடத்திக்கொண்டு வந்து ஹில்டாவின் கரி ஷெட்டில் ஒளித்திருந்தேன். இருட்டில் உட்கார்ந்து இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். ஞாயிறுகளில் பிரையனி என்னைப் பார்க்க பஸ்ஸில் வருவாள்.

"எப்பப்பா வீட்டுக்கு வருவ?"

"உனக்கு எடம் கிடைச்ச அன்னிக்கு, செல்லம். அப்பா உனக்காகத்தான் இதெல்லாம்."

"தெரியும்ப்பா" என்பாள். ஏதோ சொல்ல வருவாள். உடனே ஹில்டா அவள் வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணிப்பாள்.

மார்ச் முதல் தேதி போன் வந்தது. "எடம் கிடைச்சிருச்சு, வில்ஃப்!" என்றாள் கிளெனிஸ். பெயின்ட் ப்ரஷை அப்படியே போட்டேன். ஹில்டாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே, "ப்ரஷைக் கழுவி வச்சுட்டுப் போ" என்றாள்.

கூடையில் பிரிகேடியரைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வழியில் பள்ளி வாசல். பதினொரு வயதில் எந்த வாசலைப் பார்த்துத் தலை குனிந்தேனோ அதே வாசல். இங்கிருந்துதான் என் வெற்றியைப் பறக்கவிட வேண்டும் என்று தோன்றியது. கூடையைத் திறந்தேன். வழக்கம்போல நேரம் பார்க்கும் கடிகாரத்தைக் கையில் எடுத்தேன்.

பிரிகேடியர் விர்ரென்று கிளம்பினான். வாசலுக்கு எதிரே மரங்களுக்கு நடுவில் ஒரு சந்து. அதற்குள் புகுந்தான். ஆற்றைத் தாண்டினான். இறங்கினான். நான் இன்னும் கடிகாரப் பொத்தானை அழுத்தவில்லை.

சந்து வழியாக எட்டிப் பார்த்தேன். அக்கரையில் ஒரு சிவப்புக் கூரைப் புறாக்கூண்டு. அதன் பக்கத்தில் கொடிக்கயிறு. கொடிக்கயிற்றில் என் பைஜாமா. பைஜாமாவுக்குப் பின்னால் என் மனைவி.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். கையை ஆட்டினாள். தண்ணீர்மேல் குரல் தெளிவாக வந்தது: "டீ ஆறுது, வா!"

நான் மூன்றரை மைல் சுற்றி நடந்து போனேன். ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டே வந்தது. பள்ளி மணி அடித்தால் என் புறாக்கள் ஏன் எகிறின என்பது பாலத்தின் மேல் விளங்கியது.

"எந்த விலாசம் குடுத்த?" என்றேன், வாசலிலேயே.

"நம்ம விலாசம்தான். பின்ன, பிள்ளைகிட்டப் பொய் சொல்லாதேன்னு சொல்லிட்டு நாமளே சொல்றதா?"

"மூணரை மைலு, கிளெனிஸ்!"

"அது காருக்கு. நீ தூரம் அளக்கக் கிளம்பின அன்னிக்கே ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ரோட்டுக் கணக்கெல்லாம் கிடையாதாம். வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நேரா ஒரு கோடு. அவ்வளவுதான். நைஜலோட ஃபிளாட்டையும் அவங்க கணக்குல எடுத்துக்கல. நம்ம பக்கத்து வீட்டுக் கணக்குலதான் அவன் பையனுக்கும் எடம் குடுத்தாங்க. பாவம், இன்னும் மீன் வாசனையோட அலையறாங்க."

"அப்ப நான் எதுக்கு அங்க..."

"அம்மா வீட்டுக் கூரை பத்து வருஷமா ஒழுகுது. நீ பத்து வருஷமா 'அடுத்த வாரம்'னு சொல்லிட்டிருந்த."

யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டாள். பதில் எல்லாம் நான் சொன்னது.

ஆறிப்போன டீயோடு உட்கார்ந்தேன். பிரையனி வந்து என் தோளில் கை போட்டாள். எனக்காக வருத்தப்பட இந்த வீட்டில் ஒரு உயிராவது இருக்கிறதே என்று நெஞ்சு நெகிழ்ந்தது.

"அப்பா, ஆத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு வீடு, பாலம் தள்ளி இருக்கு, புறா போற தூரம் எவ்வளவு, ஆள் போற தூரம் எவ்வளவுன்னு பரீட்சையிலயே கேட்டிருந்தாங்கப்பா. மொதல் கேள்வி. ரொம்ப ஈஸி."

ஐம்பது வயதில் அதே பரீட்சையில் இரண்டாம் முறையும் தேறாமல் போனவன், கென்ட் முழுக்கத் தேடினாலும் நான் ஒருவன்தான்.