பெட்டிக்குள் போன கலியாணங்கள்

"இடமில்லை" என்று கணினி அன்று நான்காவது தடவையாகச் சொன்னது. பாறூக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

மாத்தளை டவுனில் கலியாண வீடியோ எடுப்பவர் அவர். எடுப்பதையெல்லாம் வீட்டிலிருந்த ஒரு கறுப்புச் சேமிப்புப் பெட்டிக்கு அனுப்பிவிட்டு, கணினியில் இருப்பதை அழித்துவிடுவார். கத்தாரில் வேலை செய்யும் மைத்துனன் பதுர்தீன் விடுமுறையில் வந்தபோது பொருத்திப் பூட்டிக் கொடுத்த பெட்டி. ஒன்றரை வருஷமாகக் குறையொன்றும் இல்லை. இன்று பார்த்து, நாவுல ஊர்க் கலியாணத்தை உள்ளே எடுக்கமாட்டேன் என்கிறது.

கத்தாருக்குப் போன் போட்டார்.

"ஒண்டுக்கும் பயப்படாதீங்க மச்சான்," என்றான் பதுர்தீன். "எல்லாத்தையும் ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க. இன்டர்நெட் லைன் வாற பெட்டியையும் சேத்து."

பாறூக் அப்படியே செய்தார். கணினி இப்போது, அப்படியொரு பெட்டியையே காணவில்லை என்றது.

"முந்தி எடம்தான் இல்லாம இருந்திச்சி," என்றார். "இப்ப பெட்டியே இல்லயாம்."

"பெட்டிக்கு அடியில ஒரு நம்பர் ஒட்டி ஈக்கும். அத அடிச்சிப் பாருங்க."

பெட்டியைக் கவிழ்த்து, டோர்ச் அடித்து, நம்பரைப் படித்து அடித்தார். கடவுச்சொல் கேட்டது. இத்தனை நாளும் கேட்காத கடவுச்சொல்.

மனைவி றமீஸா தேத்தண்ணியோடு வந்து நின்றாள். "என்ட பேர அடிச்சிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பூட்டினது எங்கட தம்பிதானே. அவன்ட பொண்டாட்டி பேரத்தான் வச்சிருப்பான்."

மேல்மாடியில் குடியிருந்து, இதே இன்டர்நெட் லைனைப் பாவிக்கும் பதுர்தீனின் மனைவி நோனாவின் பெயரையும் அடித்தார். ஐந்து தடவை பிழையாகிவிட்டது என்று சொல்லிப் பெட்டி கதவைச் சாத்திக்கொண்டது.

திருத்துவதற்குத் தூக்கிக்கொண்டு கண்டிக்குப் போகலாம். ஆனால் குண்டுவெடிப்புகளுக்குப் பிந்திய இந்தக் காலத்தில் வழியிலுள்ள சோதனைச் சாவடிகளில் ஒவ்வொரு வயருக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்லவேண்டும். அதற்கு அவரிடம் தெம்பில்லை.

அப்போதுதான் யட்டவத்தையிலிருந்து இலட்சுமி வந்தாள். போன வருஷம் அவள் கலியாணத்தை எடுத்தவர் பாறூக்தான்.

"நாளன்னைக்கு ஜோர்தானுக்குப் போறேங்க, வீட்டு வேலைக்கி. அப்பா போன மாசம் தவறிட்டாரு. அந்த வீடியோவுல இன்னொரு கொப்பி தந்தீங்கன்னா கையோட கொண்டு போயிருவேன். தந்தது மழையில நனைஞ்சி போச்சு."

"இருங்க மகள்," என்றார் பாறூக்.

மறுபடியும் கத்தார். "பின்னால சின்ன ஓட்டை ஒண்டு ஈக்குது மச்சான். ஊசியால அமுக்கிக்கிட்டு முப்பது எண்ணுங்க. கடவுச்சொல் மட்டும்தான் போகும். உள்ளுக்க ஈக்கிறது அழியாது."

றமீஸா முக்காட்டு ஊசியைக் கழற்றித் தந்தாள். பாறூக் அமுக்கினார். இலட்சுமியும் சேர்ந்து வாய்க்குள் எண்ணினாள். முப்பதில் பச்சை விளக்கு எரிந்தது. பெட்டி திறந்தது.

உள்ளே ஒன்றுமில்லை.

நூற்றிருபது கலியாணம். ஒரு மாப்பிள்ளைகூட மிச்சமில்லை.

"அழியாதெண்டு சொன்னீங்களே மச்சான்."

போன் காட் முடிந்து லைன் அறுந்தது.

பாறூக் கதிரையைத் திருப்பினார். "மகள், எல்லாம் அழிஞ்சி போச்சி. என்ட பிழைதான்."

இலட்சுமி கையிலிருந்த பையின் பிடியைச் சுருட்டினாள், விரித்தாள். "அப்பா போட்டோவுக்கு நிக்கவே மாட்டாருங்க. நீங்க ஏதோ சொன்னீங்க, அன்னைக்கு மட்டும் சிரிச்சிட்டாரு." பிறகு, "பரவாயில்லைங்க," என்றாள்.

ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். என்ன சொல்லி அந்த மனிதரைச் சிரிக்க வைத்தோம் என்றுகூட ஞாபகம் வரவில்லை. றமீஸா கொடுத்த தேத்தண்ணியை இலட்சுமி மரியாதைக்காக ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்தாள்.

அந்நேரம் நோனா மாடிப்படியில் இறங்கி வந்தாள். ஆள் இருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்று, தயங்கித் தயங்கிப் பாறூக்கிடம் சொன்னாள்:

"நானா, ஒங்கட மச்சான் எனக்கும் இதே மாதிரிப் பெட்டி ஒண்டு பூட்டித் தந்தாரே, அது முழுக்க நீங்க எடுத்த கலியாணமாவே வந்து நெறஞ்சி போச்சி; எனக்கு நாடகம் போட்டு வைக்கணும், கொஞ்சத்தக் கீழ எடுத்துக்கிறீங்களா?"