டாக்டரிடம் போனது நான்

மறதியில் பல ரகம் உண்டு. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் தேடுவது ஒரு ரகம். நான், புருஷனையே பெட்ரோல் பங்க்கில் மறந்துவிட்டுப் போன ரகம்.

விஜயநகரிலிருந்து ஒரு கல்யாண வரவேற்புக்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம். ஓட்டியது நான், பின்னால் என் கணவர் முரளி. பெட்ரோல் போட்டதும் நான் ஏறிக் கிளம்பிவிட்டேன். அவர் ஏறவில்லை. (யாரோ பஞ்சர் ஒட்டுவதை வேடிக்கை பார்க்கப் போயிருந்தாராம்.) வழிநெடுக அவரைத் திட்டிக்கொண்டே போனேன். பதிலே இல்லை. மனுஷர் திருந்திவிட்டார் என்று உள்ளூர மகிழ்ச்சி வேறு.

மண்டப வாசலில் நாத்தனார் கேட்டாள்: "அண்ணா எங்க, அண்ணி?"

"இதோ..." என்று திரும்பினேன். பின் சீட் காலி.

போன் பண்ணலாமென்றால், அவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஒருவழியாக ஆட்டோ பிடித்து, சிரித்த முகத்தோடு வந்து இறங்கினார். அவர் கையிலிருந்த கல்யாணப் பரிசு அந்த ஆட்டோவிலேயே போய்விட்டது. ஆனால் ஊர் சிரித்தது என்னைப் பார்த்துத்தான்.

"உனக்கு ஏடிஎச்டிம்மா, கவனம் ஒரு இடத்துல நிக்காத கோளாறு. ரீல்ஸ்ல சொல்ற எல்லாமே உன்கிட்ட இருக்கு" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள் நித்யா. அதற்கு முன்பே இரண்டு முறை பாலை அடுப்பில் கருகவிட்டிருந்தேன். நிஜமாகவே பயந்துபோய், மனநல மருத்துவரிடம் போனேன். முரளியும் துணைக்கு வந்தார்.

டாக்டரம்மா கன்னட வாடையோடு நல்ல தமிழ் பேசினார். "இந்த மறதி எப்போலேருந்து?"

"ஒரு வருஷமா. அம்மா இடுப்பு எலும்பு முறிஞ்சு எங்ககூட வந்ததிலேருந்து."

"ராத்திரி தூங்கறீங்களா?"

அம்மா கூப்பிடும்போதெல்லாம் எழுந்திருப்பேன் என்றேன்.

"ஸ்கூல்ல பொருளெல்லாம் தொலைப்பீங்களா?"

"தினமும்!" என்றார் முரளி. "ஒரு தடவை புத்தகப் பையையே பஸ்ல விட்டுட்டேன்."

"ஏங்க, கேட்டது என்னை!"

"பரவாகில்ல, பேசட்டும்" என்று பாதிக் கன்னடத்தில் சொல்லி, டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். அப்போதுதான் கவனித்தேன். மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் மூளையை முரளி பாகம் பாகமாகக் கழற்றியிருந்தார். திரும்பப் பொருத்தத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ்லயும் இப்படித்தானா?"

"எங்கயும் இப்படித்தான் டாக்டர்." அவர் குரல் இறங்கிவிட்டது. "சோம்பேறின்னு அப்பா அடிப்பாரு. அக்கறையே இல்லன்னு இவ சொல்லுவா. நான் முயற்சி பண்ணாமயா இருக்கேன்?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். (அந்தக் கையில் மூளையின் ஒரு துண்டும் இருந்தது.)

டாக்டர் எனக்குச் சொன்னது சுருக்கம்: "உங்களுக்கு வேண்டியது முதல்ல தூக்கம். ஏடிஎச்டின்னா சின்ன வயசுலேருந்தே இருக்கணும், வீடு, வேலைன்னு பல இடத்துல வாழ்க்கையைப் பாதிக்கணும். ரீல்ஸ் பார்த்து முடிவு பண்ணக்கூடாது."

முரளி விஷயத்திலும் அவர் அவசரப்படவில்லை. இன்னும் சில முறை வரவழைத்தார். நாத்தனாரிடம் சின்ன வயசுக் கதைகளையெல்லாம் கேட்டார். அதற்குப் பிறகுதான் ஏடிஎச்டி என்று உறுதி செய்தார். அன்று வீட்டுக்கு வந்து முரளி சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். "நான் சோம்பேறி இல்லடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இப்போது ராத்திரியில் அம்மாவை நாங்கள் முறை போட்டுப் பார்த்துக்கொள்கிறோம். நான் தூங்குகிறேன், பால் கருகுவதில்லை. ஆனால் எந்த விசேஷத்துக்குப் போனாலும் நித்யா ஆரம்பித்துவிடுவாள்: "எங்க வீட்ல எல்லாமே ஜாயின்ட் அக்கவுண்ட்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு போனா, அப்பாவுக்கு மாத்திரை குடுப்பாங்க!"

முதலில் சிரிப்பவர் முரளிதான்.