நிலத்தை நம்பாத ஜப்பான் அண்ணை

மொன்றியலில் கடவுளை நம்பாத தமிழர்கள் உண்டு. அரசாங்கத்தை நம்பாதவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர். வானிலை அறிக்கையை யாருமே நம்புவதில்லை. ஆனால் காலுக்குக் கீழே கிடக்கும் நிலத்தையே நம்பாத ஒரே தமிழர் எங்கள் ஜப்பான் அண்ணைதான்.

அங்கே பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்தில் நான்கு வீடுகள், நான்கிலும் தமிழர்கள். எங்களுக்கு நேர் மேலே அவர் தனியாக இருந்தார். கனடாவுக்கு வருமுன் எட்டு வருடம் ஜப்பானில், கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்ததால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

அவர் வீட்டில் அசைகிற பொருள் என்று அவர் ஒருவர்தான் இருந்தார். அலுமாரி, புத்தகத் தட்டு, தொலைக்காட்சி எல்லாம் திருகாணி போட்டுச் சுவரோடு இறுக்கப்பட்டிருந்தன. பிள்ளையார் படத்துக்கே நாலு திருகாணி. வாசலில் தண்ணீரும் பிஸ்கற்றும் நிரப்பிய பை, கழுத்தில் விசில். தெருவில் பனி அள்ளும் இயந்திரம் போகும்போது கட்டடம் லேசாக அதிரும். அடுத்த நொடி கதவை அகலத் திறந்துவிட்டு மேசைக்குக் கீழே போய்விடுவார். நிலம் ஆடினால் கதவுச் சட்டம் கோணும், பூட்டிய கதவு பிறகு திறக்காது என்பது அவர் ஜப்பானில் படித்த பாடம்.

"அண்ணை, அது ஸ்னோ அள்ளுற மிசின்."

"ஓம் பிள்ளை, இண்டைக்கு மிசின். நாளைக்கு என்னெண்டு ஆர் கண்டது?"

"மொன்றியலிலை பெரிசா ஒண்டும் வராது அண்ணை."

"உமக்கு ஆர் சொன்னது, பூமியோ?"

அந்தப் பாடத்தை அவர் சும்மா படிக்கவில்லை. ஜப்பானுக்குப் போன மூன்றாம் நாள் காலையில் முதல் நடுக்கம் வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து நேரே போன மனிதர், உறுமல் கேட்டதும் ஆமிக்காரன் ஷெல் அடிக்கிறான் என்று நினைத்து வீதிக்குப் பாய்ந்தார். குப்புறப் படுத்து, காதுகளைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த வித்தை அது. எதிர்வீட்டு ஜப்பான்காரி தன் மேசைக்குக் கீழே இருந்து கத்தியிருக்கிறாள்.

"எனக்குப் பாஷை தெரியாது. இன்னும் பதிஞ்சு படுக்கச் சொல்லுறாள் எண்டு நினைச்சன். நல்லாய்ப் பதிஞ்சு படுத்தன்" என்பார் அண்ணை.

கூரை ஓடு ஒன்று அவர் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து நொறுங்கியது. அன்றிலிருந்து, அசைவு நிற்குமுன் வெளியே ஓடும் தமிழரைத் தடுப்பதே தன் பிறவிப்பயன் என்று முடிவு செய்துவிட்டார். அதற்காக மாதம் ஒரு ஞாயிறு ஒத்திகை வைத்தார். விசில் ஊதினால் நாங்கள் அடுப்பை அணைக்க வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், மேசைக்குக் கீழே போக வேண்டும். வராவிட்டால் வாசலிலேயே நின்று ஊதிக்கொண்டிருப்பார்.

என் தங்கையைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த ஞாயிறும் ஊதினார். எங்கள் கதவு திறந்திருந்ததால் நேரே உள்ளே வந்தார். "கீழை! எல்லாரும் கீழை!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளையின் தாய் காஞ்சிபுரம் சேலையோடு மேசைக்குக் கீழே தவழ்ந்து போனார். வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் தொலைபேசியை எடுக்கவேயில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த நேரம் பார்த்து கட்டடத்தின் சொந்தக்காரர் ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தோடு வந்தார். மேல்மாடிச் சுவரில் ஏகப்பட்ட துளைகள், விசில் தொல்லை வேறு. திருகாணிகளைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஜூலை முதலாம் தேதி அவர் வெளியேற வேண்டும். முழுதாக வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன். எதிர்வீட்டு ரீற்றா அக்காவும் போட்டார்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு புதன்கிழமை மத்தியானம் நான் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தபோது நிலம் உண்மையாகவே ஆடியது. பத்து நொடி இருக்கும். யோசிக்க நேரமில்லை. கை தானாக அடுப்பை அணைத்தது, கதவைத் திறந்தது. நான் மேசைக்குக் கீழே இருந்தேன். எதிர்வீட்டுக் கதவும் திறந்திருந்தது. அங்கே மேசைக்குக் கீழே ரீற்றா அக்கா செபமாலையோடு, "அந்தோனியாரே, அந்தோனியாரே" என்று நடுங்கிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்ட நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது.

ஜப்பான் அண்ணை படியிறங்கி வந்தார்.

"ஒருத்தரும் வெளியிலை ஓடேல்லைத்தானே? காயமொண்டும் இல்லையே?"

"அண்ணை, நாங்கள் அந்தக் கடிதத்திலை..."

"தெரியும் பிள்ளை. அது வேறை, இது வேறை. பத்து நிமிசத்துக்கு அடுப்பு மூட்டாதேங்கோ, பேந்தும் ஆடும்."

மறுநாள் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத ஜப்பான் அண்ணைக்கு ஆள் தேவைப்பட்டது. கட்டடத்தில் ஒழுங்காகப் பிரெஞ்சு எழுதத் தெரிந்தவள் நான்தான். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"யாழ்ப்பாணத்திலை ஊரை விட்டு எழும்பு எண்டாங்கள், எழும்பினன். ஜப்பானிலை விசா முடிஞ்சுது போ எண்டாங்கள், போனன். இந்த முறை நான் அசையமாட்டன். என்ரை அலுமாரியும் அசையாது. அப்பிடியே எழுதும், மெதுவாக்கிப் போடாதையும்."

மெதுவாக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு, "அண்ணை, உங்கடை துளை போடுற மிசினைக் கொண்டு கீழை வாங்கோ" என்றேன். அன்று பின்னேரமே என் அலுமாரி சுவரோடு சேர்ந்தது. அடுத்து ரீற்றா அக்காவின் மாதா சுருபம் வைத்த தட்டு. நாலாவது வீட்டில் இருந்தவர் தன் சலவை இயந்திரத்தையும் விட்டுவைக்கவில்லை.

கட்டடச் சொந்தக்காரர் வந்து நான்கு வீடும் ஏறி இறங்கினார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பதில்: அவரை வீட்டை விட்டு எழுப்பினால் எங்களையும் எழுப்புங்கள். ஒரு பெருமூச்சு விட்டு, "பொன் ஜூர்னே" என்று பிரெஞ்சில் விடை சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கடிதம் எதுவும் வரவில்லை.

ஜூலை முதலாம் தேதி இந்த ஊரில் பாதிப் பேர் வீடு மாறுவார்கள். தெரு முழுக்கச் சோபாவும் மெத்தையும் இறங்கின. எங்கள் வாசலில் மட்டும் லொறி நிற்கவில்லை. ஜப்பான் அண்ணை படியில் நின்று, அலுமாரி தூக்குபவர்களிடம் அதைப் புது வீட்டில் எங்கே இறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் இப்போது நகருக்கு வெளியே புரோசார்ட்டில் சொந்த வீட்டில் இருக்கிறேன். நல்ல வீடு, உறுதியான வீடு. ஆனாலும் அந்த மனிதர் தலைக்கு மேலே நடந்து திரிந்த காலத்தில் இருந்த தைரியம் எனக்கு இங்கே இன்னும் வரவில்லை.